780எம்-மில் சைபர்பங்க் 2077: எதைக் குறைப்பது, எதை விட்டுவைப்பது?

பந்தாய் டாலாம் நரி

எல்லோருக்கும் வணக்கம். என் மடிக்கணினியில் ரைசன் 7 7840எச்எஸ் இருக்கிறது. கிராபிக்ஸ் அதற்குள்ளேயே வரும் ரேடியான் 780எம்; தனி அட்டை கிடையாது. ரேம் 16 ஜிபி டிடிஆர்5-5600. திரை 1920க்கு 1080, 144 ஹெர்ட்ஸ்.

தள்ளுபடியில் சைபர்பங்க் 2077 விளையாட்டை வாங்கினேன். எல்லாவற்றையும் 'லோ'வில் வைத்தும், நகரத் தெருவில் இறங்கியதும் நொடிக்கு 20 ஃபிரேமை ஒட்டித் தள்ளாடுகிறது. இதே சிப்பில், இதே ரெசல்யூஷனில் 30-ஐத் தாண்டி ஓட்டுகிறவர்களின் காணொளிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் போடும் அமைப்புப் பட்டியலை வரிக்கு வரி வைத்துப் பார்த்தும் எனக்கு அந்த எண் வரவில்லை.

எந்த அமைப்பைத் தவறவிடுகிறேன்? அறையில் ஏர்கான் இல்லை, அதுவும் காரணமாக இருக்குமா? ஒரு வேண்டுகோள்: புதுக் கணினி வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். பிடிபிடிஎன் கடன் படிப்புக்கே போதவில்லை.

செந்தூல் சேவல்

தம்பி, சொல்லக்கூடாது என்கிறாய், ஆனால் உண்மை அதுதான். இந்த விளையாட்டுக்குத் தயாரித்தவர்களே போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவை ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, அல்லது ஆர்எக்ஸ் 580 8 ஜிபி. அதுவும் 1080-ல் 'லோ'வில் 30 ஃபிரேமுக்கு. 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி கட்டாயம். சிப்புக்குள் ஒட்டிக்கொண்டு வரும் கிராபிக்ஸ், விரிதாளுக்கும் படம் பார்ப்பதற்கும். பழைய மேசைக்கணினியும் ஒரு ஆர்எக்ஸ் 580-ம் வாங்கினால் தலைவலி தீர்ந்தது.

ஜெலுத்தோங் ஆந்தை

நரி, அமைப்புகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி: அந்த 16 ஜிபி ஒரே ரேமா, அல்லது 8-ம் 8-மாக இரண்டா?

சேவல் அண்ணே, 780எம் கணக்குப் போடும் வலிமையில் அப்படியொன்றும் நோஞ்சான் இல்லை. ஆர்டிஎன்ஏ 3 கட்டமைப்பு, 12 கணிப்புக் கூறுகள். அது திணறுவது வேறு இடத்தில். தனி அட்டையில் அதற்கென்றே நினைவகம் உண்டு: ஜிடிஎக்ஸ் 1060-இல் நொடிக்கு 192 ஜிபி தரவு போய்வரும், ஆர்எக்ஸ் 580-இல் 256 ஜிபி. 780எம்-முக்குச் சொந்த நினைவகம் இல்லை. ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. சேனல் என்பது ரேமுக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள தரவுப் பாதை. டிடிஆர்5-5600 இரண்டு சேனலில் ஓடினால் நொடிக்கு 89.6 ஜிபி. ஒரே சேனல் என்றால் 44.8 ஜிபி. அதிலும் செயலி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மீதிதான் கிராபிக்ஸுக்கு.

காலை ஏழரைக்குப் பினாங்குப் பாலத்தில் பாதித் தடங்களை மூடிவிட்டு, 'வண்டியின் எஞ்சினை எப்படிச் சரிசெய்வது' என்று கேட்பது போலத்தான் இது. நிழலையும் மூடுபனியையும் குறைத்தால் போகிற வண்டிகள் கொஞ்சம் குறையும், பாலம் அகலமாகாது.

டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', அதில் 'மெமரி'. எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பந்தாய் டாலாம் நரி

அக்கா, இரண்டில் ஒன்று என்று இருக்கிறது. ஆனால் வன்பொருள் விவரம் காட்டும் சிபியு-இசட் கருவியைத் திறந்து பார்த்தால் சேனல் என்ற இடத்தில் '2 x 32-பிட்' என்கிறது. அப்படியானால் ஏற்கெனவே இரண்டு சேனல்தானே?

கேப்போங் கரடி

இந்த '2 x 32' பலரைக் குழப்புகிறது. கடைக்கு வருகிறவர்களும் இதைக் காட்டி என்னோடு வாதாடுவார்கள். டிடிஆர்5-இல் ஒவ்வொரு ரேமுக்குள்ளும் 32 பிட் அகலத்தில் இரண்டு துணைச் சேனல்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் பழைய ஒரு சேனலின் 64 பிட். இரண்டு ரேம் போட்டிருந்தால் அங்கே '4 x 32-பிட்' என்று வரும். உங்களுடையது ஒற்றைச் சேனல்தான். காணொளியில் வருகிறவர்கள் அநேகமாக இரண்டு ரேமோடு ஓட்டுகிறார்கள்.

அடிமூடியைக் கழற்றுவதற்கு முன் உத்தரவாத நிபந்தனையைப் படித்துவிடுங்கள். சில மாடல்களில் திருகாணி மேல் ஒட்டுத்தாள் இருக்கும். மடிக்கணினிக்குரிய சிறிய வகை ரேம்தான் வேண்டும், அதாவது எஸ்ஓ-டிம். வேகம் 5600, அளவு 16. இப்போதிருப்பதன் அதே மாடல் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பெரும்பாலும் சேர்ந்து ஓடும். காசு இழுக்கிறது என்று 8 ஜிபி போட்டால், 16 ஜிபி வரைக்கும் இரண்டு சேனலாகவும் மீதி 8 ஒற்றைச் சேனலாகவும் ஓடும். ஒன்றுமே போடாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கோலாலம்பூர் லோ யாட் கணினி வளாகத்தில் வாங்குவதென்றால் முதல் மாடியில் சொன்ன விலைக்கே தலையாட்டிவிடாதீர்கள். மேலே ஏறிப் பாருங்கள். பக்கத்துக் கடைகளிலும் கேளுங்கள்.

செந்தூல் சேவல்

ரேம் இப்போது விற்கிற விலை தெரிந்துதான் பேசுகிறீர்களா? செயற்கை அறிவு நிலையங்கள் நினைவகத்தை எல்லாம் வாரிக்கொண்டு போகின்றன, நமக்கு மிஞ்சுவது விலைச்சீட்டு. அந்த வெள்ளிக்குப் பழைய ஆர்எக்ஸ் 580 வாங்கிவிடலாம் என்றுதானே நான் முதலிலேயே சொன்னேன்.

ஜெலுத்தோங் ஆந்தை

அந்த அட்டையை மடிக்கணினியில் எங்கே செருகுவது, அண்ணே? மேசைக்கணினி, திரை, மின்வழங்கி எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். 580 மட்டுமே 185 வாட் கேட்கும். மின்கட்டணச் சீட்டு வேறு வருகிறது. விலை ஏறியிருப்பது உண்மைதான், மறுக்கவில்லை. பயன்படுத்திய ரேமைத் தேடலாம். ரேம் எளிதில் தேய்கிற பொருள் இல்லை. ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்து வாங்கினால் பயமில்லை.

ரேம் வரும்வரை நரி சும்மா இருக்க வேண்டாம். அமைப்புகளுக்கு வருகிறேன்.

'லோ' என்ற ஆயத்த அமைப்பை அப்படியே போடாதீர்கள். அது வேகத்தைத் தின்னாத விஷயங்களையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது, படம் வீணாக அசிங்கமாகும். 'ஸ்டீம் டெக்' என்று ஒரு ஆயத்த அமைப்பு அதே பட்டியலில் இருக்கிறது. ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியும் உள்ளடங்கிய கிராபிக்ஸ்தான், ஆர்டிஎன்ஏ 2-இல் 8 கணிப்புக் கூறுகள். ஆகவே அதைச் செதுக்கியவர்களுக்கு நம் பிரச்சினை தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள்.

பிறகு, அதிகம் தின்னும் நாலைந்தை மட்டும் பிடியுங்கள். முதல் குற்றவாளி 'ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷன்ஸ்'. ஈரத் தரையிலும் கண்ணாடியிலும் தெரியும் பிரதிபலிப்பு அது. 'ஆஃப்' செய்தால் மழை பெய்த தெரு கொஞ்சம் பொலிவிழக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறைந்த ரெசல்யூஷனில் 'லோ'வில் வைத்தால் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக மினுங்கும். எனக்கு அதைவிட இல்லாமலிருப்பதே மேல். அடுத்தது 'வால்யூமெட்ரிக் ஃபாக் ரெசல்யூஷன்', அதற்குப் பின் 'வால்யூமெட்ரிக் கிளவுட்ஸ்'. முந்தையது 'லோ', பிந்தையது 'ஆஃப்' அல்லது 'மீடியம்'. 'ஆம்பியன்ட் ஆக்லூஷன்' 'லோ'வில் இருக்கட்டும்; முழுக்க அணைத்தால் பொருள்கள் தரையில் ஒட்டாமல் மிதப்பது போலத் தோன்றும். 'கேஸ்கேடட் ஷேடோஸ்' ரெசல்யூஷன் 'லோ', 'லோக்கல் ஷேடோ' தரம் 'லோ'. ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் என்ற சொல்லையே பார்க்காதீர்கள். 780எம்-மில் அதற்கான வன்பொருள் இருக்கிறது என்பது பெட்டியில் அச்சடிக்க உதவும், அவ்வளவுதான்.

இந்த நிழல், பனி, பிரதிபலிப்பு மூன்றும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பெரிய பெரிய தற்காலிகப் படங்களை எழுதி, திரும்பப் படிக்கின்றன. 780எம்-முக்குள் இருப்பது 2 எம்பி எல்2 கேச், அதாவது சிப்புக்குள்ளேயே உள்ள சிறு நினைவகம். அதில் அடங்காதது எல்லாம் ரேமுக்கு ஓடித் திரும்பும். அதனால்தான் தனி அட்டைக்காரர்கள் 'இது 4 விழுக்காடுதான் தின்னும்' என்று சொல்கிற அமைப்பு நம்மிடம் அதைவிட அதிகமாகக் கடிக்கிறது. அவர்கள் பட்டியலை நாம் அப்படியே எடுத்தாளக்கூடாது.

'டெக்ஸ்ச்சர்' தரத்தைப் பயந்து குறைக்க வேண்டியதில்லை. அது வேகத்தைவிட இடத்தைத்தான் கேட்கிறது. 16 ஜிபி இருக்கும்போது 'மீடியம்', 32 ஆனதும் 'ஹை'. இதை விளையாட்டின் நடுவே மாற்ற முடியாது, முதன்மை மெனுவுக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். ஃபிலிம் கிரெய்ன், குரோமாட்டிக் அபரேஷன், மோஷன் பிளர் மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஃபிரேம் ஏறாது, படம் துலங்கும்.

'கிரவுட் டென்சிட்டி' செயலியின் சுமை. அதை 'மீடியம்' அளவில் வையுங்கள். ஜனமே இல்லாத நகரத்தில் சுற்றுவதற்கா இந்த விளையாட்டை வாங்கினீர்கள்?

பாகன் படகுக்காரன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் பட்டர்வொர்த்தில் ஆசிரியர். என் மடிக்கணினி ஐ5-1135ஜி7, ரேம் 8 ஜிபி. தயாரிப்பாளர் பக்கத்தில் ஐரிஸ் எக்ஸ்இ என்று போட்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரிலோ வெறும் 'யுஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டுகிறது. டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டும் பெயர் மாறவில்லை. எனக்கு வேறு சிப்பைத் தள்ளிவிட்டார்களா?

கேப்போங் கரடி

சிப் சரியானதுதான், சார். ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரே இரண்டு சேனல் ரேம் இருந்தால்தான் வரும். ஒற்றைச் சேனலில் டிரைவர் அதையே 'யுஎச்டி' என்று காட்டும். இன்னொரு 8 ஜிபி போட்டுப் பாருங்கள், தானாகவே பெயர் மாறும். எப்படியும் 8 ஜிபியில் இந்த விளையாட்டு நடக்காது. உங்கள் மாடலில் ரேம் பலகையோடு பற்றவைத்ததா, ஸ்லாட் உண்டா என்று முதலில் பாருங்கள்.

பாகன் படகுக்காரன்

ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது என்கிறது கையேடு. நன்றி. இன்டெல் 1972-லேயே பினாங்கில் ஆலை திறந்துவிட்டது. இத்தனை வருடம் எங்கள் ஊரில் சிப் சோதிக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைக் கேப்போங்கிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கேப்போங் கரடி

வெப்பத்தைப் பற்றி நரி கேட்டது அப்படியே நிற்கிறது. உள்ளடங்கிய கிராபிக்ஸில் செயலியும் கிராபிக்ஸும் ஒரே சில்லில் உட்கார்ந்து ஒரே மின்சாரத்தைப் பங்கிடுகின்றன. 7840எச்எஸ்-க்கு ஏஎம்டி வைத்திருக்கும் வரம்பு 35 முதல் 54 வாட் வரை. எவ்வளவு கொடுப்பது என்பது மடிக்கணினி செய்தவரின் முடிவு. 'சைலன்ட்' முறையில் வைத்தால் அதைவிடவும் கீழே போகும். மின்சார இணைப்பு இல்லாமல் பேட்டரியில் விளையாடினாலும் அதே கதை. எனவே: சார்ஜரைச் செருகுங்கள், தயாரிப்பாளரின் மென்பொருளில் 'பெர்ஃபார்மன்ஸ்' முறைக்கு மாற்றுங்கள், விண்டோஸ் பவர் மோடையும் ஏற்றுங்கள்.

அதன் பிறகு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசக் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் விளையாடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் வருகிற எண் பொய். இருபதாவது நிமிடத்தில் சிப் எத்தனை வாட் எடுக்கிறது, கிராபிக்ஸ் கடிகாரம் எத்தனை மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது என்பதுதான் உங்கள் அறையின் உண்மை. நம் ஊரில் இரவு பத்து மணிக்கும் அறைக்குள் 30 டிகிரி இருக்கும். குளிர் நாட்டில் சோதித்துப் போடும் எண் நமக்கு அப்படியே வராது. பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள், கட்டிலில் மெத்தை மேல் வைக்கவே வேண்டாம், மேசைவிசிறியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். கடைக்கு வரும் மடிக்கணினிகளில் பாதிக்குமேல் விசிறித் துளையில் தூசி கம்பளம் விரித்திருக்கும்.

15 வாட் வகை மடிக்கணினி வைத்திருக்கிறவர்களுக்கு, அதாவது படகுக்காரர் சார் போன்றவர்களுக்கு, இன்னொரு வழி: விண்டோஸ் பவர் பிளானில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' 99 விழுக்காடு. செயலியின் டர்போ, அதாவது தற்காலிக வேகமேற்றம், நின்றுவிடும், மிச்சப்படும் வாட் கிராபிக்ஸுக்குப் போகும். கூட்டமான இடத்தில் செயலியே தடையாகிவிடலாம்; அப்படியானால் திருப்பிவிடுங்கள்.

நிர்வாகி

விளையாட்டைத் திருட்டுத்தனமாக இறக்கும் இணைப்பு இட்ட பதிவை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

பந்தாய் டாலாம் நரி

ரேம் வந்துவிட்டது. பயன்படுத்தியதுதான், அதே 5600, மெம்டெஸ்ட் பிழையின்றி முடிந்தது. சிபியு-இசட் இப்போது '4 x 32-பிட்' என்கிறது.

வேறு எதையும் மாற்றாமல் அதே தெரு, அதே 'லோ': 30-ஐத் தாண்டிவிட்டது. ஆந்தை அக்கா சொன்ன அமைப்போடு, படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரை 'குவாலிட்டி'யில் போட்டால் திறந்த இடங்களில் 45 வரை போகிறது. கூட்டத்தில் 38, 40. கரடி அண்ணே சொன்னபடி விசிறி வைத்தேன். கிராபிக்ஸ் கடிகாரம் முன்போலச் சரியவில்லை.

அடுத்த ஆசை: 'ஃபிரேம் ஜெனரேஷன்' போட்டால் 60 தாண்டுமே, போடலாமா?

செந்தூல் சேவல்

அட, ரேம் வேலை செய்திருக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஃபிரேம் ஜெனரேஷன் போடு தம்பி, சும்மா கிடைப்பதை ஏன் விடுகிறாய்? 2.13 பதிப்பிலிருந்து எஃப்எஸ்ஆர் 3 விளையாட்டிலேயே இருக்கிறது. என் மகன் கையடக்கக் கருவியில் 70 என்று காட்டுகிறது.

ஜெலுத்தோங் ஆந்தை

காட்டும், அண்ணே. காட்டுவதில்தான் விவகாரமே.

ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவில் ஒன்றைக் கற்பனை செய்து செருகுகிறது. அதற்கு இரண்டாவது ஃபிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் மவுஸ் அசைவை விளையாட்டு படிப்பது உண்மையான ஃபிரேமில் மட்டும். திரையில் 70 தெரியும், கைக்கு 35-ஐவிடவும் மந்தமாக இருக்கும். அந்தக் கற்பனை வேலையையும் இதே 780எம்தான், இதே ரேமின் வழியாகத்தான் செய்ய வேண்டும். எனவே 40 என்பது 80 ஆகாது, அடிப்படை 40-லிருந்து இறங்கி, இறங்கியது இரட்டிக்கும். ஏஎம்டியே 60-ஐ ஒட்டிய அடிப்படை வேகத்துக்குத்தான் இதைப் பரிந்துரைக்கிறது. 60 உள்ளவருக்கு 120 தருகிற வசதி இது. காரில் ஊர்சுற்றும்போது கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பதை மறுக்கமாட்டேன். துப்பாக்கியை எடுத்ததும் தெரிந்துவிடும்.

நரிக்கு நான் சொல்வது வேறு. உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ். 144-ஐ 4-ஆல் வகுத்தால் 36. விளையாட்டின் வீடியோ பகுதியில் 'மேக்ஸிமம் எஃப்பிஎஸ்' என்ற இடத்தில் 36 என்று போடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் திரையின் சரியாக நான்கு புதுப்பிப்புகளுக்கு நிற்கும், 27.8 மில்லி நொடி. 45-க்கும் 38-க்கும் நடுவே ஏறியிறங்கும் படத்தைவிட, அசையாத 36 கண்ணுக்கு நிம்மதி. சிப்பும் நிம்மதியாக மூச்சுவிடும், விசிறி இரையாது. 48-ஐ எட்ட முடிந்தால் அதுவும் 144-க்குச் சரியாக வகுபடும், ஆனால் கூட்டத்தில் நிற்காது. உங்கள் திரை ஃபிரேமுக்கு ஏற்பத் தன் புதுப்பிப்பை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் வகை என்றால் இந்த வகுத்தல் கணக்கு அவ்வளவு கட்டாயமில்லை. அப்போதும் ஒரு வரம்பு வைப்பது நல்லது.

பந்தாய் டாலாம் நரி

36 என்றதும் சிரிப்பு வந்தது, அக்கா. ஆனால் போட்டுப் பார்த்தேன், எண்ணை மறைத்துவிட்டால் முன்பைவிட வேகமாக ஓடுவதாகவே தோன்றுகிறது. கட்டுப்படுத்தியில் விளையாடும்போது குறையே தெரியவில்லை.

இன்னொன்று: எஃப்எஸ்ஆர் போலவே படத்தைப் பெரிதாக்கும் இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ்-ஐ 'குவாலிட்டி'யில் போட்டால் எஃப்எஸ்ஆர் 'குவாலிட்டி'யைவிட அதிக ஃபிரேம் வருகிறதே? இன்டெல் தந்தது ஏஎம்டி சிப்பில் கூடுதல் வேகமா?

ஜெலுத்தோங் ஆந்தை

பெயர் ஒன்று, அளவு வேறு. எஃப்எஸ்ஆர் 'குவாலிட்டி' ஒவ்வொரு பக்கத்தையும் 1.5 மடங்கு பெருக்குகிறது. 1080-க்கு உள்ளே வரைவது 1280க்கு 720, அதாவது மொத்தப் புள்ளிகளில் 44 விழுக்காடு. எக்ஸ்இஎஸ்எஸ் 1.3-இல் அளவுகளை மாற்றிவிட்டார்கள்: அதன் 'குவாலிட்டி' 1.7 மடங்கு. எஃப்எஸ்ஆரின் 'பேலன்ஸ்டு'க்குச் சமம். ஒப்பிடுவதென்றால் எக்ஸ்இஎஸ்எஸ் 'அல்ட்ரா குவாலிட்டி'யை வைத்து ஒப்பிடுங்கள், அதுதான் 1.5.

அப்படி ஒப்பிட்டால் எக்ஸ்இஎஸ்எஸ் சற்று அதிகம் தின்னும். இன்டெல் ஆர்க் அல்லாத சிப்புகளில் அது வேறு வழியில் கணக்குப் போடுகிறது. ஆனால் படம் நிதானமாக இருக்கும். எஃப்எஸ்ஆரில் முள்வேலியும் முடியிழையும் நடக்கும்போது கொதிப்பது போல மினுங்கும். 36-க்கு வரம்பு வைத்துவிட்டு, கையில் மிச்சம் இருந்தால் எக்ஸ்இஎஸ்எஸ்-க்குச் செலவிடுங்கள். எதைப் போட்டாலும் 'பெர்ஃபார்மன்ஸ்' வரை இறங்காதீர்கள். எஃப்எஸ்ஆரில் அது 960க்கு 540. தொலைவில் நடக்கும் ஆள் மனிதனா தூணா என்று தெரியாது.

செந்தூல் சேவல்

கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் கிராபிக்ஸுக்கு 4 ஜிபி ஒதுக்கினால் பறக்கும் என்கிறார்களே? அதை யாரும் சொல்லவில்லை.

கேப்போங் கரடி

பறக்காது. ஒதுக்காவிட்டாலும் தேவைப்படும்போது விண்டோஸ் மொத்த ரேமில் பாதிவரை பகிர்ந்து கொடுக்கும், அதே ரேம், அதே வேகம். சில விளையாட்டுகள் ஒதுக்கிய அளவை மட்டும் பார்த்துவிட்டு முரண்டு பிடிக்கும், அப்போது உதவும். 32 ஜிபி உள்ளவர் 4 வைக்கலாம், இழப்பில்லை. 16 ஜிபியில் 4-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 12. விளையாட்டு கேட்கும் குறைந்தபட்சமே அதுதான், விண்டோஸும் உலாவியும் எங்கே போகும்? பல மடிக்கணினிகளில் இந்தத் தெரிவே கிடையாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பாகன் படகுக்காரன்

இன்னொரு 8 ஜிபி போட்டதும் டிவைஸ் மேனேஜரில் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர் வந்துவிட்டது! 1280க்கு 720, ஸ்டீம் டெக் அமைப்பிலிருந்து இன்னும் குறைத்து, எக்ஸ்இஎஸ்எஸ் 'பேலன்ஸ்டு'. வெறிச்சோடிய பேட்லேண்ட்ஸில் 30 நிற்கிறது. செர்ரி பிளாசம் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் சரிந்துவிடுகிறது. 99 விழுக்காடு வித்தையால் பேட்லேண்ட்ஸில் லாபம், சந்தையில் நஷ்டம்.

ஜெலுத்தோங் ஆந்தை

சார், அந்தச் சந்தை செயலியைத்தான் பிழிகிறது. நகரத்துக்குள் இருக்கும்போது 100-க்குத் திருப்பி, 'கிரவுட் டென்சிட்டி'யை 'லோ' ஆக்குங்கள். அதற்குக் கீழே அந்தச் சிப்பிடம் கேட்க ஒன்றுமில்லை. அமைப்பைச் சோதிக்கும் எல்லோருக்கும்: விளையாட்டுக்குள் வரும் பெஞ்ச்மார்க்கை மட்டும் நம்பாதீர்கள், அந்தச் சந்தைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு முடிவெடுங்கள்.

பந்தாய் டாலாம் நரி

நான் நிறுத்திய இடம்: 1080, எக்ஸ்இஎஸ்எஸ் 'குவாலிட்டி', வரம்பு 36, டெக்ஸ்ச்சர் 'ஹை', பிரதிபலிப்பு 'ஆஃப்', பனி 'லோ', மேகம் 'மீடியம்', கூட்டம் 'மீடியம்'. சந்தைக்குள்ளும் நடந்துவிட்டேன், 36 உடையவில்லை.

கூடுதல் பகுதியான 'ஃபேன்டம் லிபர்ட்டி'யும் சேர்த்து வாங்கியிருக்கிறேன். அதில் வரும் டாக்டவுன் என்ற பகுதிக்குள் போனால் இதே அமைப்பு தாங்குமா?

ஜெலுத்தோங் ஆந்தை

முழுக்கத் தாங்காது. டாக்டவுன் மற்றப் பகுதிகளைவிடக் கனமானது. அங்கே மேகத்தை அணையுங்கள், கூட்டத்தை ஒரு படி இறக்குங்கள், எக்ஸ்இஎஸ்எஸ்-ஐ 'பேலன்ஸ்டு' ஆக்குங்கள். அப்போதும் உடைந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் திரையை 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, வரம்பை 30 வையுங்கள். டெக்ஸ்ச்சரைத் தொட வேண்டாம்.